நரம்பை வெட்டச் சொன்ன டாக்டர்

கையில் கண்ணாடி கிழித்து தையல் போட்டவர்கள் சில வாரம் கழித்து வந்து சொல்வது: "மேலாப்ல தொட்டா தெரியல டாக்டர், அமுக்குனா தெரியுது. குத்துனா மட்டும் சுரீர்னு இழுக்குது." பொய் மாதிரி இருக்கும். பொய் இல்லை. இதைத் தன் கையிலேயே சோதித்த ஒருத்தர் கதை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

லண்டனில் ஹென்றி ஹெட் என்ற நரம்பியல் டாக்டர். நரம்பு அறுபட்டவர்களைப் பரிசோதிப்பார். சிக்கல் என்னன்னா, வலியில் இருக்கும் ஆளிடம் மணிக்கணக்கில் "இப்ப தெரியுதா? இப்ப?" என்று கேட்க முடியாது.

அதனால் 1903 ஏப்ரல் 25 அன்று, 41 வயதில், தன் இடது கையைக் கொடுத்தார். சர்ஜன் ஜேம்ஸ் ஷெரன் தோலுக்குப் போகும் இரண்டு நரம்புகளை முழங்கைப் பக்கம் வெட்டி, முனைகளைப் பட்டு நூலால் தைத்தார்.

பிறகு நாலு வருஷம், நேரம் கிடைத்தபோதெல்லாம் கேம்பிரிட்ஜ் பயணம். அங்கே நண்பர் ரிவர்ஸ். (நம்ம நீலகிரிக்கு வந்து தோடர்களை ஆராய்ந்து 1906ல் புத்தகம் போட்டாரே, அவரேதான்!) ஹெட் கண்ணை மூடிக்கொள்வார். ரிவர்ஸ் பஞ்சு, குண்டூசி, சூடு, குளிர் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பார்.

பஞ்சு தெரியவில்லை. ஊசி வலிக்கவில்லை. ஆனால் அழுத்தினால் தெரிந்தது, எந்த இடம் என்றுகூட சொன்னார்! ஆழமான அழுத்தம் தசையோடு போகும் வேறு நரம்புகள் வழியே போகிறது. அவற்றை யாரும் வெட்டவில்லையே.

வாரங்கள் கழித்து முதலில் திரும்பியது வலி. முரட்டு வலி. ஒரு இடத்தில் குத்தினால் வேறெங்கோ பரவும். பஞ்சின் மெல்லிய தொடுதல் வர வெகு காலம் ஆனது.

இந்த மெல்லிய தொடுதலுக்கென்றே தோலின் மேலடுக்கின் அடியில் செல்கள் உண்டு. 1875ல் ஜெர்மனியின் மெர்கல் பார்த்து 'தொடு செல்' என்று பெயரே வைத்துவிட்டார். அவை நிஜமாகவே தொடுதலை உணர்ந்து நரம்புக்குச் சொல்கின்றன என்று உறுதியானது 2014ல்!

ஹெட் 1908ல் தொடு உணர்வுக்கு 'பழைய முரட்டு நரம்பு, புதிய நுட்ப நரம்பு' என்று இரண்டு அமைப்பு உண்டு என்றார். அடுத்த வருஷமே டிராட்டர், டேவிஸ் என்ற இரண்டு சர்ஜன்கள் தங்கள் உடம்பில் ஏழு நரம்புகளை வெட்டிப் பார்த்து மறுத்தார்கள். (என்ன மனுஷங்களோ!) அந்தக் கோட்பாடு நிற்கவில்லை. வலி முந்தி, மென்தொடுதல் பிந்தி என்று அவர் கண்டதை இன்றும் வார்டில் பார்க்கிறோம்.

தைத்த நரம்பு நாளுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வளரும். அந்தச் சுரீர் பல நேரம் அது வளர்வதற்கான அறிகுறி. அதுவரை மரத்த இடத்தில் சூடான பாத்திரம் படாம பாத்துக்கோங்க, சுட்டது தெரியாது.