பலகைக்கு வெளியே இருந்தவர்கள்

சதுரங்கம் இருவர் ஆடும் ஆட்டம் என்பர். ஆயினும் அதன் வரலாற்றில் நிலைத்துநிற்கும் ஆட்டங்கள் பலவற்றில் மூன்றாவது தரப்பொன்றும் இருந்திருக்கிறது. காய்களைத் தொடாத அந்தத் தரப்பு பார்வையாளர்களே.

இதற்குப் பழைய சான்றொன்று பக்தாதிலிருந்து கிடைக்கிறது. கி.பி. 902 முதல் 908 வரை ஆட்சி செய்த அப்பாஸிய கலீபா அல்முக்தபீயின் அவையில், ஷத்ரஞ்ச் ஆட்டத்தில் அல்மாவர்தீ என்பவரே முதல்வராக மதிக்கப்பட்டார். அவரை எதிர்த்தாட அஸ்ஸூலி வந்தபோது கலீபா தமது அபிமானத்தை மறைக்கவில்லை. அஸ்ஸூலியின் முன்னிலையிலேயே அல்மாவர்தீயை ஊக்கப்படுத்தினார். முதலில் தடுமாறிய அஸ்ஸூலி பின்னர் நிதானமடைந்து, எவரும் மறுக்கவியலாதபடி வென்றார். அதன் பின் கலீபாவின் அபிமானமும் வென்றவர் பக்கம் சாய்ந்தது. வரலாற்றாசிரியர் அல்மஸ்ஊதி பதிவுசெய்த இச்செய்தி ஓர் உண்மையைக் காட்டுகிறது: பார்ப்பவரின் பார்வைக்கும் ஒரு பாரம் உண்டு, ஆடுபவர் அதையும் சுமந்துகொண்டே ஆடவேண்டியிருக்கிறது.

அந்தப் பாரம் மிகத் துலக்கமாக வெளிப்பட்ட நவீன காலப் போட்டி, 1972ஆம் ஆண்டு ஐஸ்லாந்துத் தலைநகர் ரெய்க்யாவிக்கில் நடைபெற்ற உலகச் சம்பியன் போட்டியாகும். 1948 முதல் உலகப் பட்டம் சோவியத் வீரர்களின் கைகளிலேயே இருந்துவந்தது. அப்போதைய சம்பியன் பொரிஸ் ஸ்பாஸ்கி. அவரை எதிர்க்க வந்தவர் அமெரிக்கரான பொபி பிஷர். கெடுபிடி யுத்த காலமாதலால் இரு வல்லரசுகளின் மோதலாகவே உலகம் அதனைப் பார்த்தது. அதற்கு முன் இருவரும் சந்தித்த ஐந்து ஆட்டங்களில் மூன்றில் ஸ்பாஸ்கி வென்றிருந்தார். இரண்டு சமநிலையில் முடிந்தன. பிஷர் ஒருமுறையேனும் அவரை வென்றதில்லை.

ஜூலை 11ஆந் திகதி முதலாவது ஆட்டம் தொடங்கியது. சமநிலையில் முடியும் என்று யாவரும் எண்ணியிருந்த கட்டத்தில், பிஷர் தமது மந்திரியால் ஓரத்துக் காலாள் ஒன்றை வெட்டினார். அடுத்த நகர்த்தலிலேயே அந்த மந்திரி திரும்பும் வழியின்றி அடைபட்டது. மறுநாள் அவர் தோல்வியை ஏற்றார். தம்மைப் படம்பிடிக்கும் கமராக்கள் தொல்லை தருகின்றன என்பது அவரது முறைப்பாடு. அவற்றை அகற்றாவிட்டால் ஆடமாட்டேன் என்று கூறி இரண்டாவது ஆட்டத்துக்கு வராமலே இருந்துவிட்டார். ஆடாமலே ஒரு புள்ளி ஸ்பாஸ்கிக்குப் போயிற்று.

இரண்டுக்குப் பூச்சியம் என்றிருந்த நிலையில் போட்டி முறிந்துவிடும் போலிருந்தது. மூன்றாவது ஆட்டத்தைச் சபையின் முன்னால் அல்லாமல் மேடைக்குப் பின்னாலுள்ள சிறிய அறையொன்றில் ஆட ஸ்பாஸ்கி இணங்கினார். மேசைப்பந்து ஆடப் பயன்பட்ட அறை அது. மண்டபத்திலிருந்த மக்கள் வெறும் மேடையை முன்னால் வைத்துக்கொண்டு, உள்ளக ஒளிபரப்பின் திரையில் ஆட்டத்தைப் பின்தொடர்ந்தனர். ஜூலை 16ஆந் திகதி நடந்த இந்த ஆட்டத்தின் 11ஆவது நகர்த்தலில் பிஷர் தமது குதிரையைப் பலகையின் ஓரத்திற்குக் கொண்டுசென்றார். அங்கே அது வெட்டப்பட்டால் தமது காலாள் அணி சிதையும் என்பதை அறிந்தே அவ்வாறு செய்தார். ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டு மறுநாள் ஸ்பாஸ்கி தோல்வியை ஏற்றபோது, பிஷர் அவரை முதன்முதலாக வென்றிருந்தார். போட்டியின் திருப்பம் பார்வையாளரில்லா அறையிலேயே நிகழ்ந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

நான்காவது ஆட்டம் மீண்டும் மண்டபத்துக்கு வந்தது. பிஷரின் முறைப்பாடுகளும் கூடவே வந்தன. இருமல், காலடிச் சத்தம், இனிப்பின் தாளைப் பிரிக்கும் சரசரப்பு யாவும் அவரது செவியில் விழுந்தன. முன்வரிசை ஆசனங்களை அகற்றவேண்டும் என்றும் கேட்டார். இத்தனைக்கும் அவர் விரட்ட நினைத்த பார்வையாளர் கூட்டம் உலகெங்கும் பெருகிக்கொண்டே போயிற்று. அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஷெல்பி லைமன் என்ற சதுரங்க ஆட்டக்காரர், சுவரில் மாட்டிய பலகையொன்றில் காய்களை நகர்த்தி மணிக்கணக்கில் விளக்கம் அளித்தார். ரெய்க்யாவிக்கிலிருந்து நகர்த்தல் வந்து சேரும்வரை, அடுத்தது என்னவாயிருக்கும் என்று ஊகிப்பதே நிகழ்ச்சி. அதுவரை சதுரங்கத்தை அறியாதோரும் அதன் முன் காத்திருந்தனர்.

ஜூலை 23ஆந் திகதி ஆறாவது ஆட்டம். பெரும்பாலும் ராஜாவின் காலாளை நகர்த்தியே தொடங்கும் பிஷர், அன்று வேறு தொடக்கத்தைத் தெரிவுசெய்து அனைவரையும் வியக்கவைத்தார். படிப்படியாக நெருக்கி, தப்பவியலாத நிலைக்கு எதிராளியைக் கொண்டுவந்தார். 41ஆவது நகர்த்தலுடன் ஸ்பாஸ்கி தோல்வியை ஏற்றார். மண்டபம் கரகோஷத்தால் நிறைந்தது. அப்போது தோற்ற ஸ்பாஸ்கியும் எழுந்து நின்று சபையோருடன் சேர்ந்து கைதட்டினார். போட்டியில் முதற்தடவையாகப் பிஷர் முன்னிலைக்குச் சென்றிருந்த வேளை அது. பட்டமும் நாட்டின் மானமும் கைநழுவத் தொடங்கிய அந்தக் கணத்தில் சம்பியனே ஒரு பார்வையாளராக மாறினார்.

பின்னர் சந்தேகங்கள் தலைதூக்கின. மின்னணுச் சாதனங்களாலோ இரசாயனங்களாலோ ஸ்பாஸ்கி பாதிக்கப்படுகிறார் எனச் சோவியத் தரப்பு முறைப்பாடு செய்தது. நாற்காலிகள் எக்ஸ்ரே கதிரால் சோதிக்கப்பட்டன. விளக்குகள் கழற்றிப் பார்க்கப்பட்டன. கிடைத்தவை இரண்டு செத்த ஈக்களே!

21ஆவது ஆட்டம் ஓகஸ்ட் 31ஆந் திகதி ஒத்திவைக்கப்பட்டது. செப்டெம்பர் 1ஆந் திகதி எஞ்சிய பகுதியைக் காண மக்கள் மண்டபத்தில் கூடினர். ஸ்பாஸ்கியோ தொலைபேசி மூலமே தமது தோல்வியை அறிவித்துவிட்டார். நடுவர் லோதர் ஷ்மிட் அதைச் சபைக்குத் தெரிவித்தார். 12½–8½ என்ற கணக்கில் பிஷர் உலகச் சம்பியனானார். உலகமே காத்திருந்த இறுதி நகர்த்தலைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை.

பக்தாதின் கலீபா முதலில் தம் ஆளுக்காகவும் பின்னர் வென்றவருக்காகவும் நின்றார். பார்வையாளரில் பெரும்பாலோர் அவரைப் போன்றவர்களே. இலக்கிய வாசகராகிய நாமும் அதற்கு விலக்கல்ல. தமக்கு எதிராக ஆடப்பட்ட ஆட்டத்தின் அழகுக்கு எழுந்து கைதட்டிய ஸ்பாஸ்கி பார்த்த விதம் வேறு. பட்டத்தை அவர் இழந்தார். ஆனால் ரெய்க்யாவிக் என்றதும் பிஷரின் பிடிவாதங்களோடு அந்தக் கைதட்டலும் இன்றுவரை நினைவுகூரப்படுகிறது.