அபினுக்குப் பின் வந்த பயிர்கள்: வட தாய்லாந்து மலைக்குடிகளும் பன்னாட்டுப் போதைப்பொருள் தடுப்பும் (1958 – 2003)

முன்னுரை

போதைப்பயிர் விளைவிக்கும் உழவர்களுக்கு மாற்று வாழ்வாதாரம் அமைத்துத் தருவது பற்றிய பன்னாட்டு ஆவணங்களில் தாய்லாந்தின் பெயர் எப்போதும் முன்னிற்கும். ஐ.நா. பொதுப்பேரவை 2013ஆம் ஆண்டு ஏற்ற மாற்று வளர்ச்சிக்கான வழிகாட்டு நெறிகள் உருப்பெறுவதற்கு அடிப்படையான பணிக்கூட்டங்களுள் ஒன்று 2011இல் வட தாய்லாந்தில்தான் நடைபெற்றது. முதலில் வளர்ச்சி, பின்னரே பயிரழிப்பு என்னும் வரிசைமுறையே அந்நாடு உலகுக்குத் தந்த பாடம் என்பது இத்துறையில் நிலைபெற்றுவிட்ட கருத்தாகும். அவ்வரிசைமுறை கொள்கைத் தெளிவினால் மட்டும் பிறந்ததன்று. மலைப்பகுதியில் எழுந்த ஆயுதக் கிளர்ச்சி அரசின் கைகளைக் கட்டிப்போட்டதும் அதற்குப் பெருங்காரணம் என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் வாதம். வரலாற்றுச் சூழலை நீக்கிவிட்டு விளைவை மட்டும் முன்மாதிரியாக்குவதால் நேரும் சிக்கலையும் கட்டுரை சுட்டுகிறது.

மலைப் பொருளாதாரத்தில் அபின்

ஹ்மாங், மியன், லாஹு, லீசு, அக்கா ஆகிய மலைக்குடிகளுள் பெரும்பாலோர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கித் தென் சீனத்திலிருந்து பர்மா, லாவோஸ் மலைகள் வழியாக வட தாய்லாந்துக்குள் வந்தவர்கள். கசகசாச் செடியை வளர்த்து அதன் காயைக் கீறி அபின் எடுக்கும் அறிவும் அவர்களோடு வந்தது. ஏறத்தாழ 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணில் அச்செடி செழித்தது. மழைக்காலத்தில் மக்காச்சோளம் விளைந்த அதே நிலத்தில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கசகசா விதைப்பதும், சனவரியை ஒட்டிக் காய் கீறுவதும் வழக்கம். ஒரே நிலம் இரு விளைச்சல் தந்தது. சோளம் பன்றிக்குத் தீவனமாயிற்று. அபின், பல ஊர்களில் குறைவாகவே விளைந்த நெல்லை விலைக்கு வாங்கப் பயன்பட்டது.

இப்பயிரின் வலிமை விலையில் மட்டும் இல்லை. சாலையற்ற மலையூர்களில் எடை குறைந்ததும், ஆண்டுக்கணக்கில் கெடாததும், வாங்குபவனே வீட்டு வாசலுக்கு வந்து பெற்றுச் செல்வதுமான விளைபொருள் வேறு இல்லை. ஹோ எனப்பட்ட யுன்னான் சீன வணிகர்கள் கோவேறு கழுதைகளுடன் வந்து, உப்பும் துணியும் வெள்ளியும் கொடுத்து அபினைப் பெற்றனர். அறுவடைக்கு முன்பே கடனும் தந்தனர். மருத்துவ வசதி எட்டாத இடத்தில் வயிற்றுப்போக்குக்கும் வலிக்கும் மருந்தும் அதுவே. ஆகவே அபினுக்கு மாற்று என்பது சந்தை, கடன், மருந்து, உணவுப் பாதுகாப்பு ஆகிய நான்கிற்கும் சேர்த்துத் தேட வேண்டிய மாற்றாக இருந்தது. பின்னாளில் வந்த திட்டங்கள் பலவும் இதைத் தாமதமாகவே உணர்ந்தன.

தடையும் தயக்கமும்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் அபின் விற்பனையைத் தாய்லாந்து அரசே தன் ஏகபோகமாக வைத்திருந்தது. 1958 அக்டோபரில் ஆட்சியைக் கைப்பற்றிய படைத்தலைவர் சரித் தனரத், அதே ஆண்டு டிசம்பரில் அபின் தடையை அறிவித்தார். 1959 சூலை முதல் அது நடைமுறைக்கு வந்தது. நூறாண்டுக்கு மேல் அரசு வருவாய் ஈட்டிய பொருளொன்று ஓர் ஆணையால் குற்றப்பொருளாயிற்று. மலைக்குடிகளுள் பலருக்கு அவ்வாணை எழுதப்பட்ட மொழியே தெரியாது.

ஆயினும் தடை மலையேறவில்லை. 1965 – 66 பருவத்தை அடிப்படையாகக் கொண்டு ஐ.நா. ஆய்வுக்குழு அளித்த மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 18,000 ஹெக்டேரில் 145 டன் அபின் விளைந்தது. அக்காலத்திலேயே தாய்லாந்துப் பொதுவுடைமைக் கட்சியின் ஆயுதப் போராட்டம் வடக்கு மலைகளுக்குப் பரவியது. 1967 இறுதியிலும் 1968இலும் ஹ்மாங் ஊர்களில் மூண்ட மோதல்களுக்குப் படையினர் குண்டுவீச்சால் விடையளித்தனர். அது மேலும் பலரைக் காட்டுக்குள் தள்ளியது. இந்நிலையில் கசகசா வயல்களை அழிப்பது கிளர்ச்சிக்கு ஆள்சேர்த்துக் கொடுப்பதாகிவிடும் என்பதை அரசு உணர்ந்தது. இன்று 'வரிசைமுறை' என்று பாராட்டப்படும் பொறுமையின் வேர் இங்கே உள்ளது.

அந்த இடைவெளிக்குள்தான் வளர்ச்சித் திட்டங்கள் நுழைந்தன. மன்னர் பூமிபோல் 1969இல் தொடங்கிய அரச திட்டம் முதலாவது. டோய் புய் மலையில் ஹ்மாங் உழவர்களுக்கு அபினால் கிடைத்த வருவாய்க்கு இணையாக நாட்டுப் பீச் பழமும் தந்துகொண்டிருந்ததை மன்னர் கேட்டறிந்தார் என்பதே அத்திட்டத்தின் தோற்றமாகச் சொல்லப்படும் செய்தி. இது அரச புகழ்மாலைகளில் மீண்டும் மீண்டும் இடம்பெறும் நிகழ்ச்சி என்பதால் எச்சரிக்கையுடன் அணுகத்தக்கது. எனினும் மாற்றுப்பயிர் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை, உழவரின் தோட்டத்திலேயே இருக்கலாம் என்னும் கருத்து அதில் பொதிந்துள்ளது. 1971இல் ஐ.நா. போதைப்பொருள் தடுப்பு நிதியம் அமெரிக்காவின் முதல் நன்கொடையுடன் உருவானதும், அந்நிதியமும் தாய்லாந்து அரசும் இணைந்து சியாங் மாய்ப் பகுதியில் பயிர் மாற்றத் திட்டத்தைத் தொடங்கின. ஆஸ்திரேலியா, மேற்கு ஜெர்மனி, நார்வே ஆகிய நாடுகளின் திட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. ஜெர்மானியத் திட்டம் 1981 முதல் 1998 வரை நீடித்தது. உதவித் திட்டங்களின் வழக்கமான ஆயுளோடு ஒப்பிட, இது மிக நீண்ட காலம்.

1980இல் பிரதமர் பிரேம் தினசுலானந்தா பிறப்பித்த 66/2523 எண் ஆணை, கிளர்ச்சியாளர்களுக்குப் பொதுமன்னிப்பு வழி திறந்தது. சில ஆண்டுகளில் கிளர்ச்சி அடங்கியது. 1984 – 85 பருவத்தில் படையினர் வயல்களில் இறங்கிக் கசகசாச் செடிகளை வெட்டத் தொடங்கினர். கிளர்ச்சி ஓய்வதும் பயிரழிப்புத் தொடங்குவதும் இவ்வளவு நெருங்கி நிற்பதைத் தற்செயலாகக் கொள்ள இயலாது.

காப்பியும் முட்டைக்கோசும்

திட்ட அறிக்கைகளில் அபினின் இடத்தைப் பிடித்த பயிராகப் பெரிதும் பேசப்படுவது அராபிகா காப்பி. நட்ட மூன்று, நான்கு ஆண்டுகளுக்குப் பின்னரே அது காய்க்கும். அதுவரை உழவர் எதை உண்பது என்ற கேள்விக்குத் தொடக்ககாலத் திட்டங்களிடம் விடை இல்லை. இலைத்துரு நோய் பழைய வகைகளைத் தாக்கியது. 1989இல் பன்னாட்டுக் காப்பி உடன்படிக்கையின் ஒதுக்கீட்டு முறை குலைந்து உலகச் சந்தையில் விலை சரிந்தபோது, மலையுழவரும் அதன் சுமையைத் தாங்க நேர்ந்தது.

பல ஹ்மாங் ஊர்களில் உண்மையில் அபினை வென்றது முட்டைக்கோசு. பாதுகாப்புக் காரணங்களுக்காகப் போடப்பட்ட சாலைகளில் சரக்குந்துகள் ஏறத் தொடங்கியதும், சில மாதங்களில் பணம் தரும் இக்காய்கறியை உழவரே தேர்ந்துகொண்டனர். ஆனால் அது நீரையும் பூச்சிக்கொல்லியையும் மிகுதியாக வேண்டியது. சோம் தொங் மாவட்டத்தில் ஓடைநீர் குறைந்ததற்கும் நஞ்சானதற்கும் மேட்டிலிருந்த ஹ்மாங் மக்களே காரணம் எனச் சமவெளி உழவர்கள் குற்றஞ்சாட்ட, 1990களில் அது கடும் இனப் பூசலாக முற்றியது. அபின் விளைவித்தபோது போதைக் குற்றவாளிகள் எனப்பட்டவர்கள், அதைக் கைவிட்டபின் காட்டை அழிப்பவர்கள் எனப்பட்டனர்.

பயிர்ப்பரப்பு 1980களின் நடுவில் 8,000 ஹெக்டேருக்கு மேலிருந்து 2000ஆம் ஆண்டளவில் ஆயிரத்துக்கும் கீழிறங்கியது. இது பெரிய சாதனையே. ஆனால் அபின் அரிதான ஊர்களில், அதற்குப் பழகியோரிடையே ஹெரோயின் நுழைந்ததும் இக்காலத்தில்தான். பயிர்ப்பரப்பை மட்டும் அளக்கும் கணக்கில் இச்செய்தி ஏறுவதில்லை.

நிலமும் குடியுரிமையும்

1964ஆம் ஆண்டின் தேசிய ஒதுக்குக்காடுகள் சட்டத்தின்கீழ் மலைச்சரிவுகளின் பெரும்பகுதி அரசுக் காடாயிற்று. எனவே உழவர் பண்படுத்திய நிலத்துக்கு அவரிடம் பட்டா இல்லை. 1972ஆம் ஆண்டின் 337ஆம் எண் புரட்சிக்குழு ஆணை, குடியேறியவர்களின் பிள்ளைகள் பலரது குடியுரிமையையும் பறித்தது. ஓராண்டுப் பயிரான கசகசாவுக்கு நில உரிமை தேவைப்படவில்லை. பல்லாண்டுப் பயிரான காப்பிக்கோ அது இன்றியமையாதது. பட்டா இல்லாதவரிடம் மரம் நடச் சொன்ன முரணை நன்கொடை நாடுகள் அறிந்தே இருந்தன. ஆயினும் வனத்துறையின் அதிகாரத்துக்குட்பட்ட ஒன்றில் அவற்றால் செய்ய முடிந்தது சிறிதே.

1988இல் மன்னரின் தாயார் சீநகரிந்திராவின் முயற்சியில் சியாங் ராய் மாநிலத்தில் தொடங்கிய டோய் துங் திட்டம் இம்முரணை ஓரளவு கடந்தது. வனத்துறை உள்ளிட்ட அரசுத் துறைகள் ஒரே குடையின்கீழ் வந்தன. ஏறத்தாழ 15,000 ஹெக்டேரில் காடு வளர்ப்பு, காப்பி, மக்கடேமியா, கைத்தறி, கைவினை எனப் பதப்படுத்தலும் விற்பனையும் அங்கேயே நடந்தன. கொட்டையாக விற்காமல் வறுத்துப் பெயரிட்டு விற்றதால் விலைச்சரிவின் அடி குறைந்தது. ஆனால் துறைகளை இணங்கவைத்த அரச குடும்பத்தின் செல்வாக்கை வழிகாட்டு நெறிகளில் எழுதி வேறொரு நாட்டுக்கு அனுப்ப முடியாது.

எல்லைக்கு அப்பால்

டோய் துங் திட்டத்தை நடத்தும் மே ஃபா லுவாங் அறக்கட்டளை, அம்முறையை மியன்மாரின் ஷான் மாநிலத்திலுள்ள யோங் கா பகுதியில் 2002இல் தொடங்கியது. சிரங்கு, மலேரியா ஆகியவற்றுக்கு மருத்துவம், பாசனக் கால்வாய், நெல் விளைச்சல் என உயிர் பிழைத்தலிலிருந்தே பணி தொடங்கிற்று. 2004இல் அது நின்றது. ஷான் மாநிலத்தின் கோக்காங் பகுதியில் 2003இலும் வா பகுதியில் 2005இலும் ஆயுதக்குழுத் தலைமைகள் ஓர் ஆணையில் அபினைத் தடைசெய்தன. உழவர் பலர் உலக உணவுத் திட்டத்தின் அரிசியை நம்பி வாழ நேர்ந்தது.

ஆப்கானிஸ்தானில் தாலிபான் அரசு 2022 ஏப்ரலில் விதித்த தடைக்குப் பின், அங்குக் கசகசாப் பரப்பு ஓராண்டில் 2,33,000 ஹெக்டேரிலிருந்து 10,800 ஹெக்டேராக வீழ்ந்தது. 2023இல் 47,100 ஹெக்டேரில் ஏறத்தாழ 1,080 டன் அபின் விளைவித்து மியன்மார் உலகின் முதலிடத்துக்கு வந்தது. அதில் பெரும்பங்கு, டோய் துங் மலையின் வடக்குச் சரிவுக்கு அப்பால் விரியும் ஷான் மாநிலத்தில் விளைந்தது.