சீப்பு ஒடிஞ்சா தப்பு யார் மேல?

இன்னைக்கு எபிசோட் ஒரு சீப்போட வரலாறு.

சுருட்டை முடி இருக்கிறவங்களுக்கு இது அத்துப்படி. சாதாரண சீப்பை வெச்சு இழுத்தா பாதியில நிக்கும். இன்னும் கொஞ்சம் பலமா இழுத்தா ரெண்டுல ஒண்ணு உடையும்: முடி, இல்லன்னா சீப்போட பல். உடனே பக்கத்துல இருக்கிறவங்க சொல்ற வார்த்தை என்ன? "உன் முடி அடங்கவே மாட்டேங்குது." யாராவது "இந்தச் சீப்பு உனக்கு ஒத்து வராது"ன்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? நம்ம மொழியில 'பரட்டை'ங்கிற வார்த்தையே ஒரு திட்டு மாதிரிதான் புழங்குது.

கருவி பொருந்தலைன்னா குத்தத்தைக் கருவி மேல போடாம, முடி மேல போடுறது. இந்தப் பழக்கம் ரொம்ப பெரிய அளவுல, ரொம்ப கொடுமையா நடந்த ஒரு கதை இருக்கு. ஆப்பிரிக்காவுல தொடங்கி அமெரிக்கா வரைக்கும் போற கதை.

முதல்ல கொஞ்சம் இன்ஜினியரிங்

நேரான முடியை குறுக்கே வெட்டிப் பார்த்தா கிட்டத்தட்ட வட்டமா இருக்கும். ஸ்பிரிங் மாதிரி இறுக்கமா சுருளுற முடி தட்டையான நீள்வட்டம். அது முளைக்கிற வேர்க்குழியே வளைஞ்சுதான் இருக்கும். இதனால மூணு விஷயம் நடக்குது.

ஒண்ணு, ஒவ்வொரு வளைவும் ஒரு பலவீனமான புள்ளி. இழுக்கிற விசை அங்க போய் குவியும், முடி அங்கதான் உடையும். ரெண்டு, உச்சந்தலையில சுரக்கிற எண்ணெய் நேரான முடியில சுலபமா நுனி வரைக்கும் வழுக்கிட்டுப் போயிடும். சுருள்ல அது இறங்காது, அதனால நுனி வறண்டு கிடக்கும். மூணு, பக்கத்துப் பக்கத்து சுருள்கள் ஒண்ணோட ஒண்ணு கொக்கி போட்டுக்கும்.

இப்போ நெருக்கமான பல் உள்ள சீப்பை மேல இருந்து கீழே இழுங்க. அது சிக்கை எடுக்காது. எல்லா சிக்கையும் கீழே தள்ளி ஒரே முடிச்சா ஆக்கிடும். ஆக, இந்த முடிக்கான சீப்புக்கு வேண்டிய ஸ்பெக் தெளிவா இருக்கு: பற்கள் குறைவா இருக்கணும், நடுவுல நல்ல இடைவெளி வேணும், உச்சந்தலை வரைக்கும் எட்டுற அளவுக்கு நீளம் வேணும்.

நைல் கரைச் சீப்புகள்

இந்த ஸ்பெக் புதுசு இல்ல. 2013ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகர்ல இருக்கிற ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் ஒரு கண்காட்சி நடந்துச்சு. ஆஃப்ரோ சீப்போட 6,000 வருஷக் கதைதான் தலைப்பு. அதைத் தொகுத்தவர் சாலி-ஆன் ஆஷ்டன். பழைய எகிப்துல கிடைச்ச சீப்புகள்ல இருந்து 1970களின் பிளாஸ்டிக் சீப்பு வரைக்கும் ஒரே இடத்துல வெச்சுக் காட்டினாங்க.

எகிப்துல பிரமிடுகள் வர்றதுக்கும் முந்தின காலத்துக் கல்லறைகள்ல, எலும்பிலும் தந்தத்திலும் செதுக்கின சீப்புகள் கிடைச்சிருக்கு. பல சீப்புகளுக்கு நீளமான பல்; கைப்பிடியில பறவை, விலங்கு உருவங்கள். இறந்தவங்களோட சேர்த்துப் புதைச்சிருக்காங்க. சும்மா தலை வாரிட்டுத் தூக்கிப் போடுற பொருள்னு நினைச்சிருந்தா அந்த அளவுக்கு மெனக்கெட்டிருக்க மாட்டாங்க.

மேற்கு ஆப்பிரிக்காவுக்கு வாங்க. இன்னைய கானாவில் இருக்கிற அகான் மக்கள்கிட்ட மரச்சீப்புக்குப் பேர் 'துவாஃபே'. துணியில அச்சடிக்கிற அடின்க்ரா சின்னங்கள்ல அதுவும் ஒண்ணு. அழகு, சுத்தம், பெண்மைக்கான நற்குணங்கள்னு அதுக்கு அர்த்தம். செதுக்கின சீப்பை ஆண்கள் காதலிக்கிற பெண்ணுக்குப் பரிசா கொடுக்கிற வழக்கமும் இருந்தது. சிக்கெடுக்கிறது, பின்றது எல்லாம் மணிக்கணக்கா உட்கார்ந்து இன்னொருத்தர் செஞ்சுவிடுற வேலை. சீப்போட அதைப் பிடிக்கத் தெரிஞ்ச கையும் சேர்ந்ததுதான் அந்தத் தொழில்நுட்பம்.

சீப்பு இல்லாம வந்து இறங்கினவங்க

16ஆம் நூற்றாண்டுல இருந்து 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் சுமார் 1.25 கோடி ஆப்பிரிக்கர்களை அடிமைகளா அட்லான்டிக் கடல் தாண்டிக் கொண்டுபோக கப்பல்ல ஏத்தினாங்க. பலருக்கு ஏத்துறதுக்கு முன்னாடியே தலையை மழிச்சாங்க. அந்தக் கப்பல்ல யாரும் சீப்பை எடுத்துட்டுப் போகல.

போய் இறங்கின இடத்துல கிடைச்ச சீப்பு ஐரோப்பிய முடிக்காகச் செஞ்சது. அதுவும் கைக்கு எட்டுறது அபூர்வம். அப்போ என்ன பண்ணாங்க? ஆட்டுக் கம்பளியில சிக்கெடுக்க தோட்டங்கள்ல ஒரு கருவி இருக்கும். பலகையில வரிசையா கம்பிப் பற்கள் வெச்சது. அதை எடுத்துத் தலை வாரினாங்க. அமெரிக்காவுல அடிமை முறை ஒழிஞ்சு எழுபது வருஷத்துக்கு அப்புறம், 1936-38ல், அதை அனுபவிச்ச முதியவர்கள்கிட்ட அரசுத் திட்டம் ஒண்ணு வாக்குமூலங்களைப் பதிவு செஞ்சது. அதுல இந்தக் கம்பளிச் சீப்பு வருது. வாரம் முழுக்க முடியை நூலால இறுக்கிச் சுத்தி வெச்சு, ஞாயித்துக்கிழமை மட்டும் அவிழ்த்து விடுறதும் வருது.

இதைக் கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க. ஆட்டு ரோமத்துக்கான கருவியாலதான் தலை வார முடியும்னு ஒரு நிலைமையில தள்ளிட்டு, அப்புறம் அந்த முடியை 'ஆட்டு ரோமம் மாதிரி இருக்கு'ன்னு கேலி பண்ணாங்க. சீப்பைப் பறிச்சவங்களே முடியைக் குத்தம் சொன்னாங்க.

சூடான சீப்பு

அடிமை முறை 1865ல் முடிஞ்சுது. 'நல்ல முடி'ன்னா நேரான முடிங்கிற எண்ணம் மட்டும் முடியல. வேலை வேணும், மரியாதை வேணும்னா முடி படிஞ்சு இருக்கணும்.

இங்கதான் 'ஹாட் கோம்' வருது. உலோகச் சீப்பை அடுப்புல காய வெச்சு, எண்ணெய் தடவின முடியில இழுப்பாங்க. சூட்டுல முடிக்குள்ள இருக்கிற ஹைட்ரஜன் பிணைப்புகள் தற்காலிகமா விடுபட்டு முடி நேராகும். ஈரம் பட்டா, ஏன் வியர்த்தாலே, பழைய சுருள் திரும்பிடும். காதும் கழுத்தும் சுட்டுக்கிட்ட ஞாபகம் பல தலைமுறை கறுப்பினப் பெண்களுக்குப் பொதுவானது.

இந்தச் சீப்பைக் கண்டுபிடிச்சவர் மேடம் சி.ஜே. வாக்கர்னு நெட்ல நிறைய இடத்துல போட்டிருப்பாங்க. அது தப்பு. பாரிஸ்ல மார்செல் க்ரேட்டோ 1870கள்லயே சூடான இடுக்கியால முடிக்கு வடிவம் கொடுத்துட்டு இருந்தார். வாக்கர் செஞ்சது வேற. 1867ல் லூசியானாவில், அடிமைகளா இருந்த பெற்றோருக்குப் பிறந்தவர், இயற்பெயர் சாரா பிரீட்லவ். துணி துவைச்சுப் பிழைச்சவர். உச்சந்தலைப் பிரச்சினையால முடி கொட்டி, அதுக்கு மருந்து தேடப் போய்தான் 1906 வாக்குல தன் பேர்ல தொழில் தொடங்கினார். களிம்பு, ஷாம்பு, சூடான சீப்பு எல்லாம் சேர்ந்த ஒரு முறை அது. ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்களை ஏஜென்ட்டா பயிற்சி கொடுத்து, சமையல் வேலை, சலவை வேலையை விட்டு வெளிய வர ஒரு வழி காட்டினார்.

1917ல் அந்த ஏஜென்ட்களுக்கு பிலடெல்ஃபியாவுல மாநாடு நடத்தினார். அங்க கூடின பெண்கள், கறுப்பினத்தவர் மேல நடக்கிற கும்பல் கொலைகளைத் தடுக்கச் சொல்லி ஜனாதிபதி வில்சனுக்குத் தந்தி அனுப்பினாங்க. அவங்க பெரும்பாலானவங்களுக்கு அப்போ ஓட்டுப் போடுற உரிமைகூட இல்ல. அதனால 'சூடான சீப்பு = அடிமை மனசு'ன்னு ஒரு வரியில முடிச்சிட முடியாது. முடியைச் சீப்புக்கு ஏத்த மாதிரி மாத்துற கருவிதான் அது. ஆனா அதை வெச்சே சொந்தக் கால்ல நின்னவங்க இருக்காங்க.

இதே காலத்துல வேற மாதிரி யோசிச்ச ஒருத்தரும் இருந்தார். நியூயார்க்ல தலை அலங்காரம் செஞ்ச லைடா நியூமன்ங்கிற கறுப்பினப் பெண், 1898ல் ஒரு ஹேர் பிரஷுக்குப் பேட்டன்ட் வாங்கினார். காத்து போக இடைவெளி, அழுக்கு சேர ஒரு தனி அறை, கழட்டிச் சுத்தம் பண்ற வசதி. கருவியை எப்படி மாத்தலாம்னு அவர் யோசிச்சிருக்கார்.

ஒரு பென்சில்

அமெரிக்காவுல இந்த அழுத்தம் பெரும்பாலும் சந்தை வழியாவும் சமூகம் வழியாவும் வந்தது. தென்னாப்பிரிக்காவுல அரசாங்கமே நேரடியா இறங்குச்சு. 1950ல் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் வந்து, ஒவ்வொருத்தரையும் இனவாரியா பிரிச்சு எழுதினாங்க. யார் எந்த இனம்னு சந்தேகம் வந்தா அதிகாரிகள் பயன்படுத்தின சோதனைகள்ல ஒண்ணு: முடிக்குள்ள ஒரு பென்சிலைச் செருகுறது. வழுக்கிக் கீழே விழுந்தா ஒரு பதில், மாட்டிக்கிட்டா வேற பதில்.

எங்க குடியிருக்கலாம், எந்தப் பள்ளிக்கூடம், யாரைக் கல்யாணம் பண்ணலாம்னு எல்லாத்தையும் அந்த வகைப்பாடு முடிவு பண்ணுச்சு. அந்தச் சட்டம் 1991 வரைக்கும் நீக்கப்படல. 'முடி சரியில்ல'ங்கிற பேச்சு ஒரு அரசாங்கத்தோட கைக்குப் போனா எங்க வரைக்கும் போகும்ங்கிறதுக்கு அந்தப் பென்சில் போதும்.

சீப்பு திரும்பி வருது

மறுபடி அமெரிக்கா, 1960களின் கடைசி. குடியுரிமைப் போராட்டமும் அதைத் தொடர்ந்து 'பிளாக் பவர்' இயக்கமும் நடக்குது. முடியை நேராக்காம அப்படியே வளர விடுறதே ஒரு அரசியல் நிலைப்பாடா மாறுது. ஏஞ்சலா டேவிஸோட ஆஃப்ரோ தலைமுடி அந்தக் காலத்தின் அடையாளம்.

ஆனா அந்த வட்டமான ஆஃப்ரோ தானா நிக்காது. வேர்ல இருந்து மேல தூக்கிவிடணும். அதுக்கு நீளமான, இடைவெளி விட்ட பற்கள் வேணும். அதாவது நைல் கரைச் சீப்போட அதே ஸ்பெக். 'ஆஃப்ரோ பிக்'னு நாம சொல்ற இந்தச் சீப்புக்கான ஆரம்பகால அமெரிக்கப் பேட்டன்ட்கள்ல ஒண்ணுக்கு 1969ல் விண்ணப்பிச்சவங்க சாமுவேல் பண்டில்ஸ் ஜூனியரும் ஹென்றி சில்ட்ரேயும். 1972ல் அந்தோணி ரோமானி வடிவமைச்ச சீப்புல கைப்பிடியே மடக்கின கறுப்பு முஷ்டி. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ல டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் மேடையில உயர்த்தின அதே முஷ்டிதான்.

அதைத் தலையிலயே குத்திக்கிட்டுத் தெருவுல நடந்தாங்க. சீப்பை மறைச்சு வைக்கல, முடியையும் மறைக்கல. 2017ல் கலைஞர் ஹாங்க் வில்லிஸ் தாமஸ், பிலடெல்ஃபியாவின் நகராட்சிக் கட்டடத்துக்குப் பக்கத்துல சுமார் 8 அடி உயரத்துக்கு இந்தச் சீப்பைச் சிலையா நட்டு வெச்சார். நூறு வருஷம் முன்னாடி வாக்கரோட ஏஜென்ட்கள் கூடின அதே ஊர்.

கதை அதோட முடிஞ்சிடல. இயற்கையான முடிக்காக வேலையிலயும் பள்ளியிலயும் பாகுபாடு காட்டக்கூடாதுன்னு 'க்ரவுன்' சட்டத்தை முதன்முதலா ஒரு அமெரிக்க மாநிலம் கொண்டு வந்தது 2019லதான். அந்த மாநிலம் கலிஃபோர்னியா.

நம்ம பாத்ரூம் அலமாரியில

கடைசியா, நிறைய பேர் கேக்கிற கேள்வி: "அப்போ எந்தச் சீப்பு வாங்கலாம்?" நம்ம ஊர்ல பெரும்பாலும் இருக்கிறது அலை அலையான முடி, இல்ல சுருட்டை. ஆஃப்ரோ அளவுக்கு இறுக்கமில்ல. ஆனா விதி அதேதான். பெரிய பல் சீப்பு, இல்லன்னா உங்க விரலே. முடி ஈரமா, கண்டிஷனரோ எண்ணெயோ இருக்கும்போது சிக்கெடுங்க, உராய்வு குறையும். நுனியில தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமா மேல போங்க. பிக் வாங்கினா அது சிக்கெடுக்க இல்ல. காய்ஞ்சதும் வேர்ல விட்டு லேசா தூக்கி அடர்த்தி காட்டத்தான்.

எங்க துறையில 'டீஃபால்ட்'னு ஒரு வார்த்தை உண்டு. யாரோ ஒருத்தர் தனக்கு வசதியா வெச்ச செட்டிங். நாளாக நாளாக அது இயற்கையின் விதி மாதிரி ஆயிடும், பொருந்தாதவங்க எல்லாம் 'பிரச்சினை' ஆயிடுவாங்க. கடையில 'சாதாரண சீப்பு'ன்னு விக்கிறதும் ஒரு டீஃபால்ட்தான். வீட்ல சுருட்டை முடியோட ஒரு குழந்தை தலை வாரும்போது அழுதா, 'உன் முடி இப்படி'ன்னு சொல்றதுக்கு முன்னாடி கையில இருக்கிற சீப்பை ஒரு தடவை பாருங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.