தலமரமும் தாவரத் தோட்டமும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றனோடு தலமரத்தையும் ஒருங்கு வைத்துப் போற்றுதல் நம் திருக்கோயில் மரபு. கடம்பவனம், தில்லைவனம், திருவாலங்காடு என மரத்தினாலேயே பெயர்பெற்ற பதிகள் பல. எனினும், தில்லை மரத்தைக் காண விழைவோர் இன்று பிச்சாவரத்துக் கழிமுகத்திற்கே செல்லவேண்டியுளது. பெயர் நிலைத்திருப்பவும் மரம் அகன்றுவிடுதல் உண்டு என்பதற்கு இஃது ஒரு சான்று. ஆதலின், வழிபாடும் தாவரத் தோட்டமும் சேர்ந்து ஒரு மரத்தைக் காத்த வரலாற்றை ஈண்டுக் கூறுதல் பொருந்தும்.

இத்தாலி நாட்டுப் பாதுவா நகரில் 1545-ஆம் ஆண்டு அமைந்த தோட்டம், மருத்துவம் பயிலும் மாணவர்க்கு மூலிகைகளை அறிவிக்கத் தோன்றியது. கல்கத்தாவை அடுத்த சிப்பூர்த் தோட்டம், 1787-இல் இராபர்ட் கிட் என்பவரால் வாணிகப் பயிர்களைக் கருதி நிறுவப்பெற்றது. மருந்திற்கும் வாணிகத்திற்குமாக எழுந்த இத்தகைய தோட்டங்களே, காலப்போக்கில் அருகிவரும் செடிகொடிகட்குப் புகலிடமாயின.

1941-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் ஷிகெரு மிகி, கல்லாய்ச் சமைந்த இலைகளையும் காய்களையும் ஆராய்ந்து, ‘மெட்டாசெக்கோயா’ என்னும் மரவினத்தை வகுத்துரைத்தார். அவ்வினம் பண்டே அற்றொழிந்ததென்று அறிஞர் கருதினர். ஆனால் சீனத்தில், இன்று ஹூபே மாகாணத்தைச் சார்ந்த ஒரு சிற்றூரில், அம்மரம் உயிருடன் ஓங்கி நின்றது! அதன் அடியில் ஊரார் சிறு கோயில் ஒன்று எடுத்து வழிபட்டு வந்தனர். 1943-இல் வாங் சான் என்னும் வனத்துறை அறிஞர் அதன் கிளைகளைத் திரட்டினார். 1946-இல் ஹூ சியென்சு அது மிகி உரைத்த இனமே எனத் தெளிந்தார். 1948-இல் அவரும் செங் வான்சுன் என்பாரும் அதற்கு அறிவியற் பெயர் சூட்டினர். நூலறிவு இல்லையென்று கூறிய மரத்தை ஊராரின் பத்தி காத்து நின்றமை வியத்தற்குரியது.

அமெரிக்காவின் அர்னால்டு மரத்தோட்டத்தைச் சார்ந்த எல்மர் மெரில், விதை திரட்டுதற்பொருட்டு 250 டாலர் அனுப்பினார். 1948 ஜனவரியில் விதைகள் வந்து சேர்ந்தன. அவர் அவற்றைத் தம் தோட்டத்திற்கே வைத்துக்கொள்ளாமல், பல நாட்டுத் தோட்டங்கட்கும் பகிர்ந்தளித்தார். அவ்வாறு பகிர்ந்ததே காவலாயிற்று. ஒரே தோட்டத்தில் உள்ளது ஒரு புயலில் அழியலாம். சிப்பூர்த் தோட்டம் 1864-இலும் 2020-இலும் புயலால் பெரும் மரச்சேதம் உற்றமை யாவரும் அறிந்ததே.

எனினும் தோட்டம் காட்டிற்கு ஈடாகாது. மெட்டாசெக்கோயா உலகெங்கும் அழகுமரமாய் வளர்ந்தும், பிறந்த காட்டில் இன்றும் அழியும் நிலையிலுள்ள இனமாகவே எண்ணப்படுகின்றது. சில தாய்மரங்களின் வழிவந்தவை யாவும் ஒரே குடும்பத்தினர் போல்வன. ஒரு நோய் வந்தால் எல்லாவற்றையும் ஒருங்கே தாக்கக்கூடும். பல தாய்மரங்களின் விதைகளைத் திரட்டி, எவ்விடத்து எம்மரத்தினின்றும் எந்நாள் எடுத்தது எனக் குறித்து வைப்பதே நல்ல தோட்டத்தின் இலக்கணம். 2017-இல் வெளிவந்த ஆய்வொன்றின்படி, உலகில் அறியப்பெற்ற தாவர இனங்களுள் நூற்றுக்கு 30-உம், அழியும் நிலையிலுள்ளவற்றுள் நூற்றுக்கு 41-உம் தாவரத் தோட்டங்களில் உள்ளன. எஞ்சியவை காட்டையும் மக்களையுமே நம்பி நிற்கின்றன.

இந்நன்னாளில் திருப்பணிக்குப் பொருளுதவும் அன்பர்கள் ஒன்றைக் கருதவேண்டுகின்றோம். பிராகாரத்திற்குக் கல் பாவுங்கால், தலமரத்தின் வேரடி மண்ணை மூடாது விடுதல் வேண்டும். மரம் பட்டபின் வேறிடத்துக் கன்று தேடி அலைவதினும், அது பசுமையாய் நிற்கும்போதே அதன் வித்தினின்றும் கன்றுகள் எழுப்பி, நந்தவனத்தில் ஒன்றும் அயலூர்க் கோயில்களில் சிலவும் நட்டு, நாளும் இடமும் ஏட்டிற் பதிதல் நன்று. கோபுரம் பழுதுற்றால் மீண்டும் எடுக்கலாம். ஓரினம் முற்றும் அற்றுப்போயின் எந்தச் சிற்பியாலும் அதனை ஆக்க இயலாது. மரந்தோறும் எழுந்தருளியிருக்கும் இறைவன் திருவருள் இப்பணிக்குத் துணைநிற்பதாக!