மல்லாட்டை மண்டியும் 1933-ஆம் வருஷத்துச் சட்டமும்

கார்த்திகைத் தீபம் காணவரும் பக்தர்களுக்குத் திருவண்ணாமலை புண்ணிய க்ஷேத்திரமேயாயினும், வானம் பார்த்த பூமியாகிய அதன் சுற்றுப்புறக் கிராமத்தாருக்கு அது மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டைகளை வண்டியேற்றி வந்து விற்கும் மண்டிகளின் ஊருமாகும்.

ஆற்காட்டுப் பிரதேசத்துக் கடலை, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்ஸ் தேசத்து மார்செய் நகரின் எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது. விழுப்புரம்–காட்பாடி ரயில் பாதை அவ்வியாபாரத்தைத் துரிதமாக்கிற்று. வாங்குவோர் சிலரும் விற்போர் பல்லாயிரவருமாயிருந்த அந்நாளில், விதைப்புக்கு முன்பணம் தந்த மண்டிக்காரரிடமே விளைச்சலையும் போட்டாக வேண்டிய குடியானவன், தரகரும் வியாபாரியும் துண்டுக்கடியில் விரல் பிடித்து முடித்த விலையைப் பிறர் சொல்லக் கேட்டறிந்தான். அதிலும் தரகு, எடைக்கூலி, சாக்குக் கழிவு, மாதிரிக்கென்று அள்ளிய கைப்பிடிகள், தர்ம காரியத்துக்கென்று மகமை எல்லாம் போக மிஞ்சியதே அவனுக்கு. (மகமையின் புண்ணியம் எவர் கணக்கில் ஏறிற்றென்பதைச் சித்திரகுப்தனே அறிவான்.)

1928-இல் லின்லித்கோ பிரபுவின் தலைமையிலான ராயல் விவசாயக் கமிஷன் ஒழுங்குமுறைச் சந்தைகளைச் சிபாரிசு செய்ய, சென்னை மாகாணம் 1933-இல் வர்த்தகப் பயிர்கள் சந்தைச் சட்டத்தை இயற்றி, வியாபாரிகளுக்கு லைசென்ஸையும், விவசாயப் பிரதிநிதிகளும் அமரும் சந்தைக் கமிட்டிகளையும் விதித்தது. ஏகபோகத்தைக் கட்டுப்படுத்தும் அகில இந்தியச் சட்டம் 1969-இல்தான் வந்ததென்பதை நோக்க, இது அக்காலத்துக்குத் துணிச்சலான காரியமே. எனினும், தராசை நேராக்கிய அச்சட்டம் கடனைத் தொடவில்லையாதலால், முன்பணத்துக்குக் கட்டுப்பட்டவனின் சரக்கு பெரும்பாலும் பழைய மண்டிக்கே போய்க்கொண்டிருந்தது.