ஊழும் ஆள்வினையும்: முதிர்ந்த மூளையில் பிறக்கும் நரம்பணுக்கள்

குழந்தை வேலப்பரின் திருவிழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என்று விழாக் குழுவினர் அன்புடன் பணித்தபோது, போகர் பிரதிஷ்டை செய்தார் என வழங்கும் திருமேனியின் மகிமையையும் அருணகிரிநாதர் பாடிப் பரவிய பேற்றையும் பூம்பாறையார்க்கு யான் எடுத்துரைத்தல் மிகையாகும் என்று கருதி, நெடுங்காலமாக என் சிந்தையை ஈர்த்துவரும் உயிர்நூற் செய்தி ஒன்றையே எம்பெருமான் சந்நிதியில் காணிக்கையாக வைக்கத் துணிந்தேன்.

திருவள்ளுவர் 38ஆம் அதிகாரத்தில் ஊழினும் வலியது வேறொன்றில்லை என்று அறுதியிட்டவர், 62ஆம் அதிகாரமாகிய ஆள்வினையுடைமையில் தளரா முயற்சியுடையார் அவ்வூழையும் புறங்காண்பர் என்கின்றார். இவை முரணுமோ என மயங்குவார்க்குச் சைவ சித்தாந்தம் வினையை மூவகையாகப் பகுத்துத் தெளிவு தருகின்றது. முற்பிறவிகளில் ஈட்டிக் குவித்தது சஞ்சிதம். அக்குவியலினின்றும் இப்பிறவிக்கு இவ்வளவென்று உடலோடு வந்து நுகரப்படுவது பிராரப்தம். அதனை நுகரும்போதே உயிர் புதிதாக ஈட்டிக்கொள்வது ஆகாமியம். மரபணுவும் வினையும் ஒன்றென்று கூற யான் முற்படேன். ஆயினும் கொண்டுவந்தது எவ்வளவு, ஈட்டுவது எவ்வளவு என்ற பழைய வினாவையே இன்றைய விஞ்ஞானிகளும் எலியின் மூளையை நோக்கி எழுப்புகின்றனர்.

வளர்ந்த மூளையில் நரம்பணு புதிதாய்ப் பிறவாது என்பது ஸ்பெயின் தேசத்துப் பேராசான் ராமோன் இ காஹால் காலந்தொட்டு நிலவிய முடிபு. 1962இல் ஜோசப் ஆல்ட்மன் அதனை ஐயுற்றார். 1965இல் அவரும் கோபால் தாஸ் என்பாரும், பிரிந்து பெருகும் அணுக்களில் படிந்து நிற்கும் கதிரியக்கத் தைமிடினை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்து, நினைவாற்றலுக்கு ஆதாரமாகிய ஹிப்போகாம்பஸ் பகுதியில் பிறந்த பின்னரும் நரம்பணுக்கள் தோன்றுகின்றன என்று காட்டினர். பல்லாண்டுகள் அறிஞருலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. அத்தொடக்கத்திலேயே பாரதப் பெயரொன்று விளங்குவதை எண்ணுந்தோறும் என் நெஞ்சம் பூரிக்கின்றது.

மரபணுவின் பங்கை முதன்முதலில் நுணுகி அளந்தோருள் கெம்பர்மன், கூன், கேஜ் ஆகிய மூவரும் தலையாயவர். நால்வகைச் சுண்டெலி இனங்களை ஒப்பிட்டு 1997இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, ஓரினத்தில் அணுக்கள் மிகுதியாகப் பிரிந்து பெருகின; வேறோர் இனத்தில் பிறந்தவை மிகுதியாக உயிர் தங்கின; மற்றோர் இனத்திலோ நரம்புகளைத் தாங்கும் துணையணுக்களாக மாறியவை மிகுந்தன. ஆறே நாட்களில் கருநிற இனம் தன் 2,39,000 அணுக்களில் 0.36 விழுக்காட்டளவு புதிய நரம்பணுக்களைப் படைக்க, ‘129’ எனக் குறிக்கப்படும் இனம் தன் 2,80,000 அணுக்களில் 0.16 விழுக்காட்டையே படைத்தது. பிறத்தல், தங்குதல், உருக்கொள்ளுதல் என்னும் ஒவ்வொரு படியிலும் பரம்பரை தன் கையை வெவ்வேறு வகையில் வைத்திருக்கின்றது என்பது இதன் பெறுபேறு.

பரம்பரை ஒன்றேயானால் பயனும் ஒன்றேயாகுமோ? ஒரே விதைப்பூண்டின் பற்களை மேற்படியிலும் கீழ்ப்படியிலும் ஊன்றினால் விளைவு ஒருபடித்தாய் இராது என்பதை அறியாதார் இம்மலையில் இலர். கெம்பர்மன் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வும் அத்தகையதே. மரபணுவால் வேறுபாடற்ற நாற்பது எலிகளை விரிந்த கூடமொன்றில் மூன்று திங்கள் உலவவிட்டு, ஒவ்வொன்றின் நடமாட்டத்தையும் பதிவு செய்தனர். பலவிடம் சென்று ஆராய்ந்த எலிகளின் மூளையில் புதிய நரம்பணுக்கள் மிகுந்திருந்தன. ஒதுங்கிக் கிடந்தவற்றில் குறைந்திருந்தன. இதனைப் படித்த அன்று யான் ஆகாமியத்தை நினைந்து கைகூப்பினேன்.

மானிடர் செய்தி இன்னும் தீராத வழக்காகவே உள்ளது. எரிக்சன், கேஜ் முதலியோர் 1998இல் முதிர்ந்த மனித மூளையிலும் புதிய நரம்பணு உண்டென்றனர். 2018இல் ஒரு குழு வளர்ந்தோரிடம் அது காணப்படவில்லை என்று சொல்ல, அதே ஆண்டில் மற்றொரு குழு 79 வயதினரிடமும் கண்டோம் என்றது. மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் விதிதா வைத்யா அம்மையார், மனவழுத்தமும் அதனைத் தீர்க்கும் மருந்துகளும் நரம்பணுக்களின் பிறப்பை எங்ஙனம் மாற்றுகின்றன என்று ஆராய்ந்து வருகின்றார். மலையிறங்கிக் கல்லூரிகளில் உயிரியல் பயிலும் இவ்வூர்ப் பிள்ளைகள் பட்டத்தோடு நின்றுவிடாமல் அத்தகைய கூடங்களை நாடிச் சென்று இவ்வழக்கைத் தீர்க்கும் பணியில் பங்குகொள்ளல் வேண்டும். அதற்குரிய பொருளுதவியை ஊர்ப் பெரியோர் இத்திருவிழாவிலேயே தொடங்கி வைக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.