மக்ளவுட் குல மரபுவழிப் பயணம்

மக்ளவுட் குல மரபுவழிப் பயணம் என்பது ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையிலும் ஹெப்ரிடீஸ் தீவுகளிலும் மக்ளவுட் குலத்தார் ஆண்ட நிலங்களைச் சுற்றிப் பார்க்கும் பயணம். ஸ்கை தீவிலுள்ள டன்வேகன் கோட்டை இதன் மையம். இந்நிலங்களிலிருந்து புலம்பெயர்ந்து கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் குடியேறியவர்களின் வழிவந்தோரே இதை நாடி வருகிறார்கள்.

குலத்தின் மூலவர் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த லியோட். இவர் மாண் தீவை ஆண்ட நோர்ஸ் அரசன் கறுப்பு ஓலாவின் மகன் என்பது குலமரபு. வரலாற்றாசிரியர்கள் இதை அப்படியே ஏற்பதில்லை. டோர்மொட், டோர்குவில் என்ற இருவரின் பெயரால் குலம் இரண்டு கிளைகளாயிற்று. ஹாரிஸ் தீவு, டன்வேகன், பெருநிலத்தின் கிளெனெல்க் ஆகியவை முதல் கிளைக்கு உரியவை. லூயிஸ் தீவு, ராசே, அசின்ட் ஆகியவை இரண்டாவதற்கு. இரண்டாம் கிளை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லூயிஸைப் பகையாளிகளான மக்கென்சிகளிடம் பறிகொடுத்தது. அசின்ட் ஏரிக்கரையில் இடிந்து நிற்கும் ஆர்ட்வ்ரெக் கோட்டையும் 1672இல் அவர்கள் கைக்கே போனது.

டன்வேகன் கோட்டையில் குலத் தலைவரின் குடும்பம் ஏறத்தாழ 800 ஆண்டுகளாக வாழ்ந்துவருகிறது. 1748 வரை உள்ளே செல்லக் கடல் பக்கத்து வாயில் ஒன்றுதான். 1773இல் எழுத்தாளர்கள் சாமுவேல் ஜான்சனும் பாஸ்வெல்லும் இங்கே விருந்தினராகத் தங்கினர். வருகிறவர்கள் முதலில் தேடுவது ‘தேவதைக் கொடி’ என்ற நைந்துபோன பட்டுத் துணியை. போரில் விரித்தால் குலத்தைக் காக்கும், மூன்று முறை மட்டுமே பலிக்கும் என்பது நம்பிக்கை. துணி மத்தியக் கிழக்கில் நெய்யப்பட்டிருக்கலாம் என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். கோட்டைக்கு எதிரே தட்டையான உச்சியுடைய இரண்டு மலைகள் ‘மக்ளவுட் மேசைகள்’ எனப்படுகின்றன. எட்டாம் தலைவர் கூனன் அலஸ்டேர் அவற்றுள் ஒன்றின் மேல் தீவட்டி ஏந்திய ஆட்களை நிறுத்தி விருந்து வைத்து, தென்புலத்துப் பிரபு ஒருவரின் அரண்மனைப் பெருமையை அடக்கினார் என்று கதை உண்டு.

அந்த அலஸ்டேரின் கல்லறை ஹாரிஸின் தென்கோடியில், ரோடெல் ஊரின் புனித கிளெமென்ட் தேவாலயத்தில் இருக்கிறது. அவர் உயிரோடிருக்கும்போதே, 1528இல், செய்வித்தது. கவசம் அணிந்து படுத்த உருவத்தைச் சுற்றி பாய்மரக் கப்பலும் கோட்டையும் வேட்டைக் காட்சியும் கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. ஹெப்ரிடீஸ் தீவுகளில் எஞ்சிய இடைக்காலச் சிற்பங்களில் இதற்கு இணை இல்லை எனலாம். கோட்டையோடு திரும்பிவிடும் அவசரப் பயணிகள் இழப்பது இதைத்தான்.

டன்வேகனுக்கு அருகில் போரெரெய்க் என்ற சிற்றூர். தலைவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பைக்குழல் வாசித்த மக்கிரிமன் குடும்பத்தார் இங்கே மாணவர்களைப் பயிற்றுவித்தனர்; 1933இல் அவர்களுக்கு நினைவுக் கற்குவியல் எழுப்பப்பட்டது. கிளெனெல்குக்கும் ஸ்கைக்கும் இடையே, கார்கள் நிற்கும் மேற்தளத்தைக் கையால் தள்ளித் திருப்பும் சிறிய படகு கோடையில் இன்றும் ஓடுகிறது. 1995இல் பாலம் வந்தபின் ஸ்கைக்குப் போகப் படகு தேவையில்லை. ஆனாலும் குலத்தின் பழைய நிலத்திலிருந்து பழைய நிலத்துக்குக் கடக்க அதுவே பொருத்தமான வழி.

பயணத் திட்டங்கள் பெரும்பாலும் தலைவர்கள் விட்டுச்சென்ற கட்டடங்களையே காட்டுகின்றன. வருகிறவர்களின் முன்னோர் பெரும்பாலும் குறுநிலக் குத்தகையாளர்கள்; அவர்கள் வாழ்ந்த தடயத்துக்கு ராசே தீவுக்குப் போக வேண்டும். ஜாக்கோபைட் கிளர்ச்சியை முறியடித்த கலோடன் போருக்குப் பின் 1746இல் அரசுப் படை அங்கிருந்த தலைவர் மாளிகையை எரித்தது. ராசேயின் கடைசி மக்ளவுட் தலைவர் 1843இல் கடனால் தீவை விற்று ஆஸ்திரேலியாவுக்குப் போனார். புதிய உரிமையாளர் ஜார்ஜ் ரெய்னி ஊர்களைக் காலிசெய்து ஆட்டுப் பண்ணையாக்கினார். கூரையற்ற சுவர்களாக ஹாலெய்க் ஊர் கிடக்கிறது. ராசேயில் பிறந்த கேலிக் கவிஞர் சோர்லி மக்லீனின் கவிதையால்தான் அந்தப் பெயர் வெளியுலகுக்குத் தெரிந்தது.

எல்லாத் தலைவர்களையும் ஒரே தராசில் நிறுப்பது சரியல்ல. 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் டன்வேகனின் 25ஆம் தலைவர் நார்மன் தன் குடிகளுக்குச் சோறிட்டே நொடித்துப்போய், லண்டனில் எழுத்தர் வேலைக்குப் போனார். அவருடைய பாட்டனார், அதே பெயருடைய 23ஆம் தலைவர், 1780களில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக மைசூர்ப் படைகளோடு பொருதியவர். கடனால் ஹாரிஸ் தீவு 1779இல் விற்கப்பட்டது அவர் காலத்தில்தான்.

இந்தப் பயணம் இன்றுள்ள வடிவம் பெற்றதில் 28ஆம் தலைவர் ஃப்ளோரா மக்ளவுடுக்குப் (1878–1976) பெரும் பங்கு உண்டு. அவர் உலகெங்கும் சுற்றிக் குலச் சங்கங்களை வளர்த்தார். உலகெங்கும் உள்ள குலத்தாரை டன்வேகனுக்கு அழைக்கும் ‘குல நாடாளுமன்றம்’ 1956இல் தொடங்கியது. கோட்டையைப் பராமரிப்பதோ பெருஞ்செலவு. 29ஆம் தலைவர் ஜான், ஒழுகும் கூரையைச் சரிசெய்யப் பணம் வேண்டி, 2000ஆம் ஆண்டில் ஸ்கையின் கருங்கூலின் மலைத்தொடரையே ஒரு கோடி பவுண்டுக்கு விற்பனைக்கு வைத்தார். மலை அவருடையதுதானா என்ற கேள்வி எழுந்து பெரும் சர்ச்சையானது, விற்பனை நடக்கவில்லை.

நினைவுப்பொருள் கடைகளில் மக்ளவுட் பெயரில் விற்கும் மஞ்சள்-கறுப்புக் கட்டத் துணி பண்டைய மரபன்று. 1842இல் வெளியான, பின்னர் போலி என நிறுவப்பட்ட ஒரு நூலிலிருந்து வந்தது அது. குடும்பப்பெயரும் இரத்த உறவுக்குச் சான்றல்ல. தலைவரின் நிலத்தில் வாழ்ந்தவர்கள் அவர் பெயரைச் சூடிக்கொள்வது வழக்கம். ஆகவே முன்னோரைத் தேடி வருகிறவர்கள் கோட்டைக்கு முன் ஆவணங்களைப் பார்ப்பது நல்லது. ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு 1855இல் கட்டாயமானது. அதற்கு முந்தைய காலத்துக்குத் திருச்சபைப் பதிவேடுகளே கதி. தீவுகளில் அவை பல இடங்களில் பிந்தியே தொடங்குகின்றன. லூயிஸில் ஒரே ஊரில் ஒரே பெயருடைய மக்ளவுட்கள் பலர் இருந்ததால், ஊராரே தந்தை, பாட்டன் பெயர்களையும் பட்டப்பெயரையும் சேர்த்தே ஒருவரைக் குறித்தனர். அந்தப் பெயர் வரிசை வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால், பதிவேட்டைவிட விரைவாக அது உரிய நிலத்துக்குக் கொண்டுசேர்க்கும்.